கொழும்பின் மழைநீரும் சதுப்பு நிலங்களும்

கொழும்பு மாநகர் கடலை நோக்கி நிற்பினும், அதன்மீது பொழியும் மழையிற் பெரும்பகுதி நேரே கடலைச் சென்றடைவதில்லை. கரையோரமாக நீண்டு கிடக்கும் கபுக்கல் மேடுகள் அந்நீரைத் தடுத்து, உள்நாட்டுப் பக்கமாகத் திருப்பிவிடுகின்றன. அவ்வாறு திரும்பிய நீர், நகரின் கிழக்கே தாழ்ந்து பரந்து கிடக்கும் சதுப்பு நிலங்களிற் சென்று தங்கி, பின்னர் சில ஒடுங்கிய வழிகளால் மெல்ல வெளியேறும். வடக்கே களனி கங்கைக்குச் செல்லும் வாயில் ஒன்று. மேற்கே வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கடலிற் கலக்கும் வாய்கள். முகத்துவாரப் பகுதியிலே மேட்டைக் குடைந்து செல்லும் பழைய சுரங்கவழி. மாநகரின் மழைநீர் வெளியேறுவதற்கு நெடுங்காலம் இருந்த வழிகள் பெரும்பாலும் இவ்வளவே. களனி பெருகும் நாட்களில் வடக்கு வாயிலின் கதவுகளும் மூடப்படல் வேண்டும். அன்றேல் ஆற்றுநீர் நகருக்குள் ஏறிவிடும். கதவு மூடியவேளையிலே நகரிலும் பெருமழை பெய்யின், அந்நீருக்குத் தங்குமிடம் சதுப்பு நிலமன்றி வேறில்லை.

இந்த நிலத்தோற்றத்தை அறிந்தோர்க்குக் கொழும்பின் வரலாற்றிற் பல செய்திகள் புதுப் பொருள் தரும். அந்நகரை ஆண்டோர் ஒவ்வொருவரும் அச்சதுப்பை ஒவ்வொரு கண்கொண்டு நோக்கினர். ஒருவருக்கு அது அரண்; ஒருவருக்கு நெல்வயல்; ஒருவருக்குப் படகுப் பாதை; பின் வந்தோர்க்கு நோயின் இருப்பிடம்; அவர்க்கும் பின் வந்தோர்க்கு விலையேறும் காணி. மழைநீரின் வீடாக அதனைக் கண்டோர் மிகச் சிலரே.

அரணாகக் கண்டவன் அழகக்கோனார். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் வலிமை மேற்குக் கரைவரை பரவியிருந்தபோது, அவர்களுடைய இறை அதிகாரிகளை அகற்றி, வரவிருந்த படையெடுப்பை எதிர்கொள்ளும் பொருட்டு அவன் ஒரு கோட்டை கட்டினான் என்று இராசாவலிய முதலிய சிங்கள நூல்கள் கூறுகின்றன. தியவன்னா ஓயாவின் சதுப்பு நிலங்கள் பெரும்பாலும் சூழ்ந்திருந்த மேடு ஒன்றை அவன் அதற்கெனத் தெரிந்தெடுத்தான். மூன்று பக்கமும் சேறும் நீரும் காவல் நிற்க, எஞ்சிய பக்கத்தை அகழியாலும் மதிலாலும் அடைத்தல் எளிதாயிற்று. அவ்விடமே பின்னர் கோட்டை இராச்சியத்தின் தலைநகரமாயிற்று. 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய செண்பகப் பெருமாள் இந்த அரசின் படைத்தலைவனாகவே வடக்கே வந்தான். யாழ்ப்பாணத்துக்கு அஞ்சி எழுந்த கோட்டை யாழ்ப்பாணத்தை வென்றது என்பது வேறு கதை. இங்கு கருதற்பாலது, அந்நாளைய தலைநகர் மேட்டிலே குடியிருந்து பள்ளத்தை நீருக்கு விட்டிருந்தது என்பதாகும். பள்ளத்தின் ஓரங்களிலே நெல் விளைந்தது. வயலின் வரம்பு பயிருக்கு நீரை நிறுத்துவது. அதே வரம்பு மழைக்காலத்தில் வெள்ளத்தையும் நிறுத்தி வைக்கும். இதனை எவரும் வடிகால் திட்டம் என்று பெயரிட்டு அழைக்கவில்லை.

1505ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கொழும்பிற் கரையிறங்கியபோது, அவர்களைக் கோட்டை அரசனிடம் அழைத்துச் சென்றோர் நேர்வழியால் அழைத்துச் செல்லாது சுற்றிச் சுற்றி நடத்திச் சென்றனர் என்பது வழக்கு. பறங்கியர் கோட்டைக்குப் போனதுபோல என்னும் பழமொழி சிங்கள மக்களிடையே இதனாலேயே தோன்றிற்று. வழிகாட்டிகளின் தந்திரம் ஒருபுறமிருக்க, எங்கும் சதுப்பு நிலம் குறுக்கிட்ட அந்நாட்டிலே சுற்றுவழிக்குக் குறைவிருந்திராது.

போர்த்துக்கேயரும் நீரின் காவலை விரைவிற் கற்றுக்கொண்டனர். கொழும்பிலே தம் கோட்டைக்குக் கிழக்கே ஓடிய ஓடையை மறித்து ஒரு வாவியை ஆக்கினர். பிற்காலத்திற் பேரே வாவி எனப் பெயர் பெற்றது அதுவே. சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் 1587, 1588ஆம் ஆண்டுகளிற் கொழும்பை முற்றுகையிட்டபோது, அவ்வாவியின் நீரை வடிப்பதற்கு வாய்க்கால் வெட்டுவித்தான். கோட்டையை வெல்ல முதலில் வாவியை வெல்ல வேண்டும் என்பதை அவன் அறிந்திருந்தான். கொழும்பு வரலாற்றிலே பெருமுயற்சியோடு நடந்த முதல் வடிகால் வேலை ஒரு போர்த்தொழிலாக அமைந்தமை வியப்புக்குரியது.

1656ஆம் ஆண்டு கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் தாய்நாட்டிலே நீரோடு போராடிப் பழகியவர்கள். அவர்கள் கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, புத்தளம் நோக்கிக் கால்வாய்களைத் திருத்தியும் வெட்டியும் படகுப் போக்குவரத்தை வளர்த்தனர். கறுவாவும் பாக்கும் அவ்வழியாக வந்தன. கால்வாய் என்றவுடன் அதனை வெள்ளத்தை வடிக்க வெட்டியது என்று எண்ணும் வழக்கம் இன்று உண்டு. ஆயின் படகு செல்லும் கால்வாய்க்கு வேண்டியது அசையாது நிற்கும் நீர். வெள்ளம் வடியும் கால்வாய்க்கு வேண்டியது சரிவு. இவ்விரு தேவையும் ஒன்றுக்கொன்று முரணானவை. கொழும்பின் கால்வாய்களிற் பல மிகத் தட்டையானவையாய் இருப்பதற்கு நிலத்தின் தன்மை முதற் காரணம். அவற்றுட் பழையன படகுக்கென அமைந்தமை மற்றொரு காரணம்.

களனிக்கு வடக்கே கிடக்கும் முத்துராஜவெலவின் கதை இங்கு எடுத்துக்காட்டாகும். ஒருகாலத்திற் செழிப்பான நெல்நிலமாயிருந்த அச்சதுப்பு, கால்வாய் வெட்டப்பட்டபின் அவ்வழியே ஏறிய உவர்நீராற் கெட்டது. ஒல்லாந்தர் அணைகளும் கதவுகளும் அமைத்து அதனை மீட்க முயன்றனர், பயன் சிறிது. பின்வந்த பிரித்தானியர் 1802 முதல் 1804 வரை ஹமில்டன் கால்வாயை வெட்டி உவர்நீரை வடிக்க எண்ணினர். அதுவும் வயல்களை மீளத் தரவில்லை. ஒரு வாய்க்கால் செய்த கேட்டை மற்றொரு வாய்க்காலால் நீக்க முயன்ற இச்செய்தி, நீர் வேலைகளிலே முதற் பிழை எத்துணை நீண்ட காலம் நிலைக்கும் என்பதைக் காட்டும். பிற்காலத்தில் அந்நிலம் பறவைகளுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் உறைவிடமென்று மதிக்கப்பட்டது. அதற்குள் நெல் மறக்கப்பட்டுவிட்டது.

பிரித்தானியர் காலத்திற்றான் கொழும்பு உண்மையான பெருநகரமாயிற்று. 1865ஆம் ஆண்டு மாநகர சபை ஏற்பட்டது. 1875ஆம் ஆண்டு துறைமுக அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கோப்பியும் பின்னர் தேயிலையும் மலைநாட்டிலிருந்து இறங்கிவந்து பேரே வாவியின் கரையிலிருந்த பண்டகசாலைகளை நிறைத்தன. கறுவாத்தோட்டம் மாளிகைகளின் தோட்டமாயிற்று. வாவியோ ஆண்டுதோறும் சுருங்கிற்று. வீதிக்காக ஒரு துண்டு, புகையிரதப் பாதைக்காக ஒரு துண்டு, பண்டகசாலைக்காக ஒரு துண்டு என நிரப்பப்பட்டு, ஏறத்தாழ 165 ஹெக்டயராக இருந்த நீர்ப்பரப்பு 65 ஹெக்டயராகக் குறைந்தது. இத்தனையும் ஒருவர் கையால் நிகழ்ந்ததன்று; ஆகவே ஒருவரும் அதற்கு விடை சொல்ல நேரவில்லை.

அக்காலத்தோரை முற்றாகக் குறைகூறுதலும் தகாது. சதுப்பு நிலம் காய்ச்சலின் பிறப்பிடம் என்று வைத்தியரும் பொதுமக்களும் ஒருங்கே நம்பிய காலம் அது. நுளம்பு பெருகும் தேங்குநீரை மண்ணிட்டு மூடுதல் பொதுநலப் பணியென்றே கருதப்பட்டது. அன்றியும், நகரத்து நீரைக் குழாயிட்டு விரைவாக வெளியேற்றுதலே நாகரிகம் என்னும் கொள்கை இலண்டனிலிருந்து வந்தது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பாராளுமன்றத்தையே கலக்கியபின், ஜோசெப் பசல்கெட் என்னும் பொறியியலாளர் அமைத்த பெருங் கழிவுக்கால்வாய்கள் உலகெங்கும் மாதிரியாயின. ஆயின் இலண்டனில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். கொழும்பிலோ 2,400 மில்லிமீற்றர் அளவாகும். கொழும்பு மழை பெய்யும் வேகமும் வேறு. இலண்டனுக்குத் தைத்த சட்டையைக் கொழும்புக்கு அணிவித்தால் தையல் பிரியாதிருக்குமா?

1921ஆம் ஆண்டு நகரமைப்பறிஞர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கென ஒரு திட்டம் வரைந்து, அதனைக் கீழைத்தேயத்தின் பூங்கா நகரமாகக் காண விழைந்தார். மரமும் தோட்டமும் வீட்டோடு சேர்ந்திருக்கும் நகரம் மழைநீருக்கும் இசைவானது. அப்பெயர் நெடுங்காலம் பேசப்பட்டது. தோட்டங்கள் அவ்வளவு காலம் நிற்கவில்லை.

வீட்டுத் தோட்டம் ஒன்று மறைவதால் வெள்ளம் எவ்வாறு மிகும் என்பதைச் சிறு கணக்கொன்றாற் காட்டலாம். பத்துப் பேர்ச்சஸ் காணியின் பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதன்மீது 100 மில்லிமீற்றர் மழை பெய்யின் வீழும் நீர் 25,000 லீற்றருக்குச் சற்று மேற்படும். காணி புல்லும் மரமுமாக இருப்பின் அதிற் பெரும்பகுதி மண்ணில் இறங்கும். எஞ்சியதும் மெல்லவே வழிந்தோடும். கூரையும் சீமெந்துமாக மூடப்படின் பத்தில் ஒன்பது பங்கு உடனே வீதிக்கு வரும். மழையின் வேகத்தையும் நிலப்பரப்பையும் நிலத்தின் மூடுநிலையைக் காட்டும் ஓர் எண்ணையும் பெருக்கி வெள்ளத்தின் உச்சத்தை அறியும் முறையை அயர்லாந்துப் பொறியியலாளர் மல்வனி 1850ஆம் ஆண்டளவிலேயே வகுத்துவிட்டார். மழையும் பரப்பும் மாறாதிருக்க, அந்த ஓர் எண் ஐந்தில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்பதாக உயரின், பழைய வாய்க்காலுக்கு நான்கு மடங்குக்கு மேற்பட்ட நீர் வந்து சேரும். வாய்க்காலை நான்கு மடங்கு அகலமாக்க நகரத்தில் இடமுமில்லை. அகலமாக்கினும் அந்நீர் சென்றுசேரும் பள்ளம் மண்ணால் நிரம்பியிருப்பின் பயனுமில்லை.

பள்ளத்தை நிரப்புதல் சட்டபூர்வமான தொழிலாகியது 1968ஆம் ஆண்டில். கொழும்பு மாவட்டத்துத் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென அவ்வாண்டு ஒரு சபை நிறுவப்பட்டது. 1982ஆம் ஆண்டில் அதன் பணி நாடளாவிய கூட்டுத்தாபனம் ஒன்றின் கைக்குச் சென்றது. காணி மீட்பு என்னும் சொல்லே ஆராய்தற்குரியது. மீட்பதெனின் யாரிடமிருந்து மீட்பது? களவு போன பொருளையன்றோ மீட்பர்! நீர் தன் இடத்தில் இருந்தது. எனினும் பெருகும் மக்கட்டொகைக்கு வீடு வேண்டியிருந்தமையும் பொய்யன்று. மேட்டுநிலத்தின் விலை ஏற ஏறத் தாழ்நிலமே எளியோர்க்கு எட்டிற்று. அதே கூட்டுத்தாபனத்தின் பொறுப்பிலேயே பின்னர் கால்வாய்களைப் பேணலும் வெள்ளத்தைத் தடுத்தலும் விடப்பட்டன. நிலத்தை நிரப்பும் கையும் நீரைக் காக்கும் கையும் ஒரே உடலினவாயின.

1982ஆம் ஆண்டு ஏப்ரில் 29ஆம் நாள், ஜெப்ரி பாவா வரைந்த புதிய பாராளுமன்றம் கோட்டையிலே திறந்துவைக்கப்பட்டது. தியவன்னா ஓயாச் சதுப்பை அகழ்ந்து ஏரியாக்கி, நடுவே தீவு அமைத்து, அதன்மேல் மண்டபம் எழுப்பினர். அழகக்கோனார் தெரிந்தெடுத்த அதே நீர் மீண்டும் ஓர் ஆட்சிபீடத்தைச் சூழ்ந்தது. ஏரியை அகழ்ந்ததால் நீர் தங்க இடம் கூடிற்று என்பதை மறுக்கலாகாது. ஆயின் தலைநகரைத் தொடர்ந்து இராஜகிரியவிலும் பத்தரமுல்லையிலும் வீடுகளும் காரியாலயங்களும் பெருகின. வயல்கள் பல பயிரிடப்படாது கைவிடப்பட்டன. கைவிடப்பட்ட வயல் நிரப்பப்படுதற்கு அதிக காலம் செல்லவில்லை.

1992ஆம் ஆண்டு யூன் 4ஆம் நாள் கணக்குத் தீர்க்கும் நாள் வந்தது. அன்று கொழும்பிற் பெய்த மழை ஏறத்தாழ 493 மில்லிமீற்றர். 37 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மாநகரின்மேல் மாத்திரம் ஒரு கோடியே எண்பது இலட்சம் கன மீற்றர் நீர் ஒரே நாளில் வீழ்ந்தது என்று அதற்குப் பொருள். எந்தக் கால்வாயும் அதனை அன்றே கடலிற் சேர்த்திருக்க முடியாது. அதன்பின் யப்பானியக் கடனுதவியுடன் கால்வாய்கள் அகழப்பட்டுக் கரைகள் கட்டப்பட்டன. கால்வாய்க் கரையிற் குடிசையிட்டிருந்த பல்லாயிரம் மக்கள் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். சதுப்பை நிரப்பி மாளிகை கட்டியவர் எவரும் அவ்வாறு அனுப்பப்பட்டதாகத் தெரியவில்லை.

2010ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் பெருமழை. பாராளுமன்ற வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்துகொள்ள, உறுப்பினர்கள் இராணுவ வாகனங்களிலே கொண்டுசெல்லப்பட்டனர். 1858இல் இலண்டன் கண்ட காட்சியைக் கொழும்பும் கண்டது: சட்டம் இயற்றுவோரின் வாயிலை நீர் தட்டியபின்னரே பெருந்திட்டம் பிறந்தது. 2012ஆம் ஆண்டில் உலக வங்கியின் 213 மில்லியன் அமெரிக்க டொலர் கடனுடன் தொடங்கிய நகர அபிவிருத்தித் திட்டத்தின் கீழ்க் கால்வாய்கள் திருத்தப்பட்டன. முகத்துவாரத்தில் புதிய சுரங்கவழி குடையப்பட்டது. கதவு மூடப்படும்போது நீரை எற்றிக் களனியிற் சேர்க்கும் பம்பு நிலையங்களும் திட்டமிடப்பட்டன. இவை வேண்டிய வேலைகளே. ஆயினும் அத்திட்டத்தின் சிறப்பு இவற்றிலன்று, எஞ்சியிருந்த சதுப்பு நிலத்தை அளந்து மதிப்பிட்டதிலேயே உள்ளது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த அந்த மதிப்பீட்டின்படி மாநகரப் பகுதியில் எஞ்சியது ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். அதுவும் அழிந்தொழியின், வெள்ளச் சேதத்தால் ஆண்டொன்றுக்குச் சராசரியாக அம்மாநகரின் உற்பத்தியில் நூற்றிலொரு பங்கு போய்விடும் என்று கணிக்கப்பட்டது. சதுப்புக்கு முதன்முறையாகப் பணத்தால் விலை கூறப்பட்டது. காணி விற்போர் அறிந்த ஒரே மொழி அதுவாகையால், அது பிழையெனல் ஆகாது.

சதுப்பு நிலம் வெள்ளத்தை மாயமாய் உறிஞ்சிவிடும் என்று சிலர் எழுதுவது மிகை. அது ஓர் இடம். நீர் பரந்து தங்குவதற்கான வெற்றிடம். முன்னைய மழையால் ஏற்கெனவே நிரம்பியிருப்பின் அடுத்த மழைக்கு அது தரும் இடமும் குறையும். ஆகையால் வீட்டுவளவிலும், பாடசாலை மைதானத்திலும், வீதியோரத்திலும் மழை வீழ்ந்த இடத்திலேயே அதனைச் சிறிது நேரமேனும் தாமதப்படுத்தல் வேண்டும். 2007ஆம் ஆண்டில் நகர அபிவிருத்திச் சட்டம் திருத்தப்பட்டுப் புதிய கட்டடங்களில் மழைநீர் சேகரிப்புக்கு இடமளிக்கப்பட்டது இந்நோக்கில் நன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதற்கு வேறொரு பயனும் உண்டு. அங்கே சுண்ணக்கற் பாறையின் மேலுள்ள குளங்கள் வெள்ளத்தை ஏற்பதோடு கிணறுகளுக்கும் நீரூட்டுகின்றன. குளமொன்றை நிரப்புவோர் மாரியில் வீதிக்கு வெள்ளத்தையும் கோடையிற் கிணற்றுக்கு உவரையும் ஒருங்கே வரவழைக்கின்றனர்.

கொழும்பிலே சதுப்பு நிலத்துக்கு நேர்ந்த மிகக் கொடிய பயன்பாடு மீதொட்டமுல்லையிற் காணப்பட்டது. கொலன்னாவைச் சதுப்பின் ஓரத்திலே நகரத்துக் குப்பை ஆண்டுக்கணக்காகக் கொட்டப்பட்டு மலையாயிற்று. தளர்ந்த நிலத்தின்மேல் நின்ற அம்மலை 2017ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று சரிந்தது. வீடுகள் புதைந்து 32 பேர் உயிர் துறந்தனர். நீருக்குரிய நிலத்திலே நகரம் தான் வேண்டாதவற்றையெல்லாம் கொட்டிற்று. வேறிடம் பெறாத மனிதர் அதன் அடிவாரத்தில் வாழ்ந்தனர்.

மறு ஆண்டு ஒக்ரோபரில், துபாயில் கூடிய ராம்சார் மாநாட்டிலே ஈரநில நகரம் என்னும் தகுதி முதன்முறையாக 18 நகரங்களுக்கு வழங்கப்பட்டபோது கொழும்பும் அவற்றுள் ஒன்றாயிற்று. பெத்தகானையிலும் தலவத்துகொடையிலும் சதுப்புப் பூங்காக்கள் அமைந்தன. மாணவர் மரப்பாலத்தின்மேல் நடந்து, தம் பாட்டன்மார் பாழ்நிலம் என்று ஒதுக்கியதைப் பார்வையிடலாயினர்.

இரண்டு வகை வெள்ளங்களைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. 1992இலும் 2010இலும் வந்தது நகரின்மேற் பெய்த மழையின் வெள்ளம். 1947ஆம் ஆண்டு ஓகத்திலும் 2016ஆம் ஆண்டு மேயிலும் வந்தது மலைநாட்டிலிருந்து இறங்கிய களனியின் வெள்ளம். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தபோது, களனி மீண்டும் பெருகிக் கொலன்னாவை, கடுவெலைப் பகுதிகளை மூழ்கடித்தது. முதல் வகைக்குச் சதுப்பும் கால்வாயும் வீட்டுவளவும் மருந்து. இரண்டாவதற்கு அவை மாத்திரம் போதா. ஆற்றின் மேற்பகுதியிலும், அதன் இருகரை வெள்ளச் சமவெளியிலும் நீருக்கு இடம் விடல் வேண்டும். இரண்டும் ஒரே இரவில் நேரும் நாளே கொழும்பு அஞ்ச வேண்டிய நாள். அன்று வடக்குக் கதவு மூடியிருக்கும். உட்புற மழை தேங்கும். பம்புகள் எற்றும் நீருக்கும் தேங்கும் நீருக்கும் இடையேயுள்ள மிச்சம் முழுவதையும் எஞ்சிய சதுப்பே தாங்க வேண்டியிருக்கும்.

அந்த வாயிலுக்கு அருகே, நாகலகம் வீதியிலே, களனியின் உயரத்தைக் காட்டும் அளவுகோல் ஒன்று உண்டு. நாட்டின் மற்றைய ஆறுகளெல்லாம் மீற்றராற் குறிக்கப்படும் காலத்திலும் அங்குள்ள நீர்மட்டம் அடிக்கணக்கிலேயே அறிவிக்கப்பட்டு வந்தது. ஐந்து அடியிற் சிறுவெள்ளம். ஏழு அடியிற் பெருவெள்ளம். மழை இரவுகளில் வெல்லம்பிட்டியிலும் மட்டக்குளியிலும் வாழ்வோர் வானொலியிலே எதிர்பார்த்திருப்பது அந்த எண்ணையே.